கிரேக்கத் தீவில் கடலோர வில்லா: கோர்ஃபுவா, கிரீட்டா, நாக்சோஸா?

கிரேக்கத் தீவில் ஒரு வாரத்துக்கு வில்லா எடுக்க நினைப்பவர்கள் வீட்டுப் படங்களிலிருந்துதான் தேடத் தொடங்குகிறார்கள். குளம், வெள்ளைச் சுவர், பின்னால் நீலக் கடல் என்று எல்லாப் படங்களும் ஒன்றுபோல இருக்கும். ஜூலை பிற்பகலில் அந்தத் திண்ணையில் உட்கார்ந்து சாப்பிட முடியுமா, அந்தக் கடலில் ஆறு வயதுக் குழந்தையை இறக்கிவிட முடியுமா என்பதைப் படம் சொல்லாது. அது அந்தக் கரை எந்தத் திசையைப் பார்க்கிறது, அங்கே எந்தக் காற்று வீசுகிறது என்பதைப் பொறுத்தது. அதனால் மாதத்தையும் கரையையும் முதலில் முடிவு செய்யுங்கள். வீட்டை அதன்பிறகு தேடலாம்.

இந்த ஒப்பீட்டுக்கு மூன்று இடங்களை எடுத்துக்கொள்கிறோம்: அயோனியன் கடலில் கோர்ஃபுவின் வடகிழக்குக் கரை, கிரீட் தீவில் ஹானியா நகருக்குக் கிழக்கே உள்ள அபோகோரோனாஸ் பகுதி, சிக்லாடிஸ் தீவுக் கூட்டத்தில் நாக்சோஸின் தென்மேற்குக் கரை. மூன்றிலும் நல்ல வில்லாக்கள் ஏராளம். ஆனால் மூன்றும் ஒரே குடும்பத்துக்குப் பொருந்தாது.

காற்றுதான் முதல் கேள்வி

கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் நடுவே உள்ள ஈஜியன் கடலில் கோடைக்காலம் முழுக்க வடக்கிலிருந்து வீசும் காற்றுக்கு மெல்டெமி என்று பெயர். பால்கன் பக்கம் உயர் அழுத்தமும் துருக்கிக்கு மேல் தாழ்வழுத்தமும் நிலைகொள்ளும்போது இரண்டுக்கும் நடுவே இந்தக் காற்று பாய்கிறது. ஜூன் கடைசியில் தலைகாட்டி, ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் உச்சத்துக்குப் போய், செப்டம்பர் நடுவில் தணியும். மேகமோ மழையோ இருக்காது. வானம் பளிச்சென்று இருக்கும்போதே காற்றின் வலிமையைக் குறிக்கும் பியூஃபோர்ட் அளவில் 6 அல்லது 7 வீசும், அதாவது மணிக்கு 40 முதல் 60 கிலோமீட்டர் வேகம். ஒருமுறை பிடித்தால் மூன்று, நான்கு நாள் விடாது, சில சமயம் ஒரு வாரமும் நீடிக்கும். நாக்சோஸ், பாரோஸ், மிகோனோஸ் எல்லாம் அதன் நேர்ப்பாதையில் இருக்கின்றன. கிரீட்டின் வடகரைக்கு அது அலையாக வந்து சேர்கிறது.

கிரேக்கத்தின் மேற்கே உள்ள அயோனியன் கடலில் நிலைமை வேறு. அங்கே மதியம் தொடங்கும் வடமேற்குக் காற்றுக்கு மாய்ஸ்த்ரோ என்று பெயர். பெரும்பாலான நாட்களில் 3 அல்லது 4 அளவோடு நின்று, பொழுது சாயும்போது அடங்கிவிடும். காலையில் கடல் கண்ணாடியாகக் கிடக்கும்.

இதனால் ஜூலை, ஆகஸ்ட் தவிர வேறு மாதத்தில் விடுப்பு கிடைக்காத, பள்ளிப் பிள்ளைகளும் வயதானவர்களும் சேர்ந்து போகும் குடும்பத்துக்கு எங்கள் முதல் பரிந்துரை கோர்ஃபுவின் வடகிழக்குக் கரை. மே அல்லது அக்டோபரில் போகிறவர்களுக்குக் கிரீட். மணல் கரைதான் வேண்டும், ஜூன் அல்லது செப்டம்பர் பிற்பகுதியில் போக முடியும் என்பவர்களுக்கு நாக்சோஸ்.

கோர்ஃபு: அமைதியான நீர், செங்குத்தான படிகள்

பர்பாதி, நிஸாகி, அக்னி, கலாமி, அஜியோஸ் ஸ்டெஃபானோஸ், கஸியோபி என்று வரிசையாக அமைந்த சிறு வளைகுடாக்கள் இந்தக் கரையின் செல்வம். 900 மீட்டருக்கு மேல் உயர்ந்த பாண்டோக்ராடோர் மலை பின்னால் நின்று மேற்குக் காற்றைத் தடுக்கிறது. எதிரே அல்பேனியக் கரை, மிகக் குறுகிய இடத்தில் சுமார் 2 கிலோமீட்டர் தூரம்தான். நடுவில் உள்ள நீர் ஏரிபோல் அமைதியாக இருக்கும். வெனிஸ் ஆட்சிக் காலத்தில் பெருகிய ஆலிவ் தோப்புகள் நீர் விளிம்புவரை இறங்கி வருவதால் கரையிலேயே நிழல் கிடைக்கும். ஈஜியன் தீவுகளில் இது அரிது.

கரை முழுக்கக் கூழாங்கல். மணல் வீடு கட்டி விளையாட நினைக்கும் குழந்தைக்கு இது ஏமாற்றமாக இருக்கும். ரப்பர் அடிப்பாகம் கொண்ட கடல் காலணி ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடி வேண்டும். கல்லுக்காக மட்டுமல்ல, பாறை ஓரங்களில் ஒட்டியிருக்கும் கடல் முள்ளெலிக்காகவும்தான். அதன் முள் தைத்தால் ஒடிந்து உள்ளேயே தங்கிவிடும். பல இடங்களில் கரையிலிருந்து சில மீட்டரிலேயே ஆழம் வந்துவிடுவதால் நீந்தத் தெரியாதவர்களுக்கு மிதவை உடை அவசியம்.

அடுத்தது படிகள். மலைச்சரிவில் கட்டிய வீடுகள் என்பதால் கார் நிறுத்தும் இடத்திலிருந்து வாசலுக்கு 30 படி, குளத்துக்கு இன்னொரு 20, கடலுக்கு 80 அல்லது 100 என்பது இங்கே வழக்கமான கணக்கு. முழங்கால் வலி உள்ள பெற்றோரை அழைத்துப் போகிறீர்கள் என்றால் படிகளின் எண்ணிக்கையை உரிமையாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கைப்பிடி இருக்கிறதா என்றும் கேளுங்கள். வீட்டுக்கு ஏறும் கான்கிரீட் பாதையும் செங்குத்தாக இருக்கும். ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறிய சிறிய 1 லிட்டர் கார் பாதி ஏற்றத்தில் திணறும். கொஞ்சம் கூடுதல் சக்தியுள்ள வண்டியை எடுப்பது நல்லது. ஆனால் அகலமான எஸ்யூவி வேண்டாம், கிராமச் சந்துகளில் கண்ணாடி உரசும்.

மாலை வெயிலும் இங்கே கவனிக்க வேண்டியது. மலை மேற்கே இருப்பதால் கலாமி, நிஸாகி பக்கம் பிற்பகலிலேயே நிழல் விழத் தொடங்கும். ஆகஸ்டில் அது வரம். மே மாதத்தில் குளிக்க நினைத்தால் குறை. கடலில் சூரியன் இறங்குவதைப் பார்க்க வேண்டும் என்றால் மேற்குக் கரைக்குத்தான் போக வேண்டும்.

இந்தக் கரையின் தனிச் சிறப்பு சிறு மோட்டார் படகு. கிரேக்கத்தில் 30 குதிரைத்திறன் வரையிலான வாடகைப் படகை ஓட்ட உரிமம் தேவையில்லை. அரை மணி நேரம் சொல்லித்தருவார்கள், பெட்ரோல் தனிக் கணக்கு. காலையில் கிளம்பி, அக்னியில் உணவகத்தின் மரத்துறையிலேயே படகைக் கட்டிச் சாப்பிட்டு, மாய்ஸ்த்ரோ வலுக்கும் முன் திரும்புவது சரியான முறை. தவறுவது பெரும்பாலும் நங்கூரத்தில்தான். கயிற்றை நீரின் ஆழத்தைப் போல மூன்று மடங்காவது விடாமல் குறைவாக விட்டால் நங்கூரம் பிடிக்காமல் படகு நகரும். குளிக்க இறங்கியவர்கள் துரத்திப் பிடிக்க முடியாது. ஒருவர் எப்போதும் படகிலேயே இருக்க வேண்டும்.

முன்பதிவின்போது ஒரு பெயர்க் குழப்பம் வரும். கோர்ஃபுவில் அஜியோஸ் ஸ்டெஃபானோஸ் என்ற பெயரில் வடகிழக்கில் ஒரு கிராமமும் வடமேற்கில் இன்னொன்றும் உண்டு. அஜியோஸ் யொர்யோஸும் மேற்கில் இரண்டு இருக்கின்றன. பெயரைப் பார்த்துப் பணம் கட்டிவிடாமல் வரைபடத்தில் புள்ளியைக் கேட்டு வாங்குங்கள்.

மழையைப் பொறுத்தவரை கோர்ஃபு கிரேக்கத்தின் ஈரமான பகுதிகளில் ஒன்று. ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கவலையில்லை. செப்டம்பர் நடுவுக்குப் பிறகு இடியோடு கொட்டும் நாட்கள் வரும், அக்டோபர் நம்பத்தக்கதல்ல. பசுமையும் கொசுவும் சேர்ந்தே வரும், ஆகவே சன்னல்களுக்கு வலை இருக்கிறதா என்று கேட்பது அற்பக் கேள்வியல்ல. கடுங்கோடையில் காட்டுத்தீயும் சாத்தியம். 2023 ஜூலையில் நிஸாகி சுற்றுவட்டாரத்தில் தீ பரவி மக்களை வெளியேற்றினார்கள். அப்போது எச்சரிக்கை 112 என்ற எண்ணிலிருந்து கைபேசிகளுக்கு வந்தது. அந்த அறிவிப்பை உங்கள் கைபேசியில் அணைத்து வைக்காதீர்கள்.

கிரீட்: ஒரு தீவல்ல, ஒரு சிறு நாடு

கிழக்கு மேற்காக 260 கிலோமீட்டர் நீளம், நடுவே 2,400 மீட்டரைத் தாண்டும் மலைகள். "கிரீட்டில் வில்லா எடுத்திருக்கிறோம்" என்பது எந்தத் தகவலையும் தருவதில்லை. அபோகோரோனாஸில் வீடும் தீவின் நடுப்பகுதியில் உள்ள ஹெராக்லியோனுக்கு விமானமும் எடுத்தவர்கள், இரவில் இறங்கி சுமார் இரண்டு மணி நேரம் பழக்கமில்லாத சாலையில் ஓட்ட நேரிடும். ஹானியா விமான நிலையத்திலிருந்து என்றால் முக்கால் மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். விமானச் சீட்டு சற்று விலை கூடினாலும் ஹானியாவுக்கே எடுங்கள்.

அபோகோரோனாஸில் அல்மிரிடா, கலிவெஸ் இரண்டும் கடலை ஒட்டிய ஊர்கள். அல்மிரிடாவின் சிறு வளைகுடா மணல் கரை கொண்டது, ஆழம் மெதுவாகக் கூடும், வடகாற்றிலிருந்து ஓரளவு காப்பும் உண்டு. குழந்தைகளுக்கு இந்த வட்டாரத்தில் இதுவே நல்ல இடம். கொக்கினோ ஹோரியோ, பிளாக்கா போன்ற மேட்டுக் கிராமங்களில்தான் படங்களில் மனம் மயக்கும் வில்லாக்கள் அதிகம். அங்கிருந்து கடல் தெரியும், இறங்கிப் போக முடியாது. தினமும் காரில்தான் கரைக்குப் போக வேண்டும். மேடு என்பதால் மெல்டெமி நாட்களில் குளத்தோரக் குடைகளை மடக்கிக் கட்டிவைக்க வேண்டிவரும்.

யொர்யூபொலியின் நீண்ட மணல் கரை அழகானது, ஆனால் வடகாற்று பலத்தால் அலையும் இழுப்பும் இருக்கும். காவலர் சிவப்புக் கொடி ஏற்றினால் முழங்காலளவு நீரிலும் குழந்தைகளை விடாதீர்கள். மலைகளின் பனி உருகிய நீர் ஊற்றுகளாக இங்கும் கலிவெஸிலும் கடலில் கலக்கிறது. அந்தக் கழிமுகத்துக்கு அருகே ஆகஸ்டிலும் நீர் சில்லென்றிருக்கும். சிலருக்கு அது இன்பம், சிலர் கால் வைத்த வேகத்தில் திரும்பிவிடுவார்கள்.

கிரீட்டின் பெரிய பலம் அதன் காலம். தெற்கே இருப்பதால் அக்டோபரிலும் கடல் நீர் 22, 23 டிகிரியில் நிற்கும். ஏப்ரல் கடைசியிலேயே மலைப்பாதைகள் பூத்துக் கிடக்கும். 16 கிலோமீட்டர் நீளமுள்ள சமாரியா பள்ளத்தாக்கு நடை மே முதல் அக்டோபர் வரை திறந்திருக்கும், கோடை உச்சத்தைவிட மே, அக்டோபரில் நடப்பதே உடம்புக்கு நல்லது. கடலோடு நின்றுவிடாமல் வெனிஸ் காலத் துறைமுகம், மடங்கள், மலைக் கிராமங்கள், மது ஆலைகள் என்று சுற்ற விரும்புகிற குழுவுக்குக் கிரீட்டை மிஞ்ச வேறு தீவில்லை. எலஃபோனிசியின் இளஞ்சிவப்பு மணலைப் பார்க்க ஹானியாவிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேர வளைவுச் சாலை. காலை ஒன்பதுக்குள் சேராவிட்டால் நிறுத்தவும் இடமிருக்காது, படுக்கவும் இடமிருக்காது.

வடகரை நெடுஞ்சாலையில் ஒரு பழக்கம் புதியவர்களைத் திகைக்க வைக்கும். மெதுவாகப் போகும் வண்டிகள் பாதி உடலைச் சாலை ஓரக் கோட்டுக்கு வெளியே தள்ளி ஓட்டி, பின்னால் வருபவரை முந்தவிடும். நீங்களும் அப்படி ஒதுங்குவீர்கள் என்று பின்னால் நெருங்குவார்கள். வளைவுக்கு அப்பால் அந்த ஓரத்தில் நின்றுபோன வண்டி இருக்கக்கூடும் என்பதால், தெளிவாகத் தெரியும் நேர்ச்சாலையில் மட்டும் ஒதுங்குங்கள். சாலையின் வலப்பக்கம் ஓட்டிப் பழகாதவர் முதல் நாளே இரவில் இதில் இறங்க வேண்டாம்.

நாக்சோஸ்: மணலுக்கு முதலிடம், பயணத்துக்குக் கடைசி

அஜியோஸ் ப்ரொகோபியோஸ், அஜியா அன்னா, பிளாக்கா, மிக்ரி விக்லா, கஸ்ட்ராகி என்று தென்மேற்கில் நீளும் கரை மூன்று இடங்களிலும் சிறந்த மணல் கரை. பொன்னிறம், நீர் தெளிவு, ஆழம் படிப்படியாகக் கூடும். சாப்பாடும் இங்கே நன்றாக இருக்கும். நாக்சோஸ் உருளைக்கிழங்கும் கிராவியேரா பாலாடைக்கட்டியும் நாடறிந்தவை. மற்ற சிக்லாடிஸ் தீவுகளைப்போல எல்லாவற்றையும் கப்பலில் இறக்கும் தீவு அல்ல இது.

ஜூலை, ஆகஸ்டில் மெல்டெமி நாக்சோஸுக்கும் பாரோஸுக்கும் நடுவே உள்ள நீர்வழியில் இறுகி வேகமெடுக்கிறது. காலை பத்து வரை பிளாக்கா அமைதியாக இருக்கும். பதினொன்றுக்குப் பிறகு மணல் கெண்டைக்காலைக் குத்தும். மிக்ரி விக்லாவில் காற்றுப் பலகைக்காரர்கள் கூடுவது அதனால்தான். வில்லாவை அங்கே எடுத்தால் காற்று விளையாட்டுக்காகவே எடுத்ததாக இருக்கட்டும். தீவு மறைப்பதால் இந்தக் கரையில் அலை பெரிதாக எழாமல் இருப்பது இன்னொரு ஆபத்தை மறைக்கிறது. சில இடங்களில் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசும். காற்றடைத்த மெத்தை, அன்னப்பறவை மிதவை எல்லாம் குழந்தையோடு நிமிடங்களில் ஆழத்துக்குப் போய்விடும். மெல்டெமி நாளில் அவற்றைக் குளத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரும் கணக்கில் வர வேண்டும். 2024 கோடையில் நாக்சோஸின் நீர்த்தேக்கங்கள் வறண்டு, கடல்நீரைச் சுத்திகரிக்கும் எந்திரங்களைக் கொண்டுவர வேண்டியதாயிற்று. குழாய் நீர் உப்புக்கரிக்கலாம். குடிக்கவும் டீ போடவும் புட்டி நீர் வாங்க வேண்டும். வீட்டில் எத்தனை லிட்டர் தொட்டி, தீர்ந்தால் லாரி நீருக்கு யார் பணம் தருவது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

போய்ச் சேர்வதுதான் பெரிய வேலை. நாக்சோஸ் விமான நிலைய ஓடுபாதை குட்டையானது. ஏதென்ஸிலிருந்து சிறிய விசிறி விமானங்கள்தான் வரும், இருக்கைகள் சீக்கிரம் தீரும், பெட்டி எடைக்கும் கட்டுப்பாடு. ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகத்திலிருந்து பெரிய கப்பல் காலை ஏழரை வாக்கில் புறப்பட்டு ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல் எடுக்கும். அதிவேகக் கப்பல் விரைவு, ஆனால் விலையும் ஆட்டமும் கூடுதல். காற்று 8ஐ எட்டினால் துறைமுக அதிகாரிகள் பெரிய கப்பல்களையும் நிறுத்திவிடுவார்கள். சிறியவை, அதிவேகக் கப்பல்கள் அதற்கு முன்பே நிற்கும். தீவிலிருந்து கிளம்பும் அன்றே ஏதென்ஸில் தொலைதூர விமானம் பிடிக்கத் திட்டமிடுவது சூதாட்டம். கடைசி இரவை ஏதென்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். போகும்போதும் மாலை விமானத்தில் ஏதென்ஸ் வந்தால் ஒரு இரவு அங்கே தங்கியே ஆக வேண்டும். ஆக, நாக்சோஸில் ஏழு இரவு வேண்டும் என்றால் மொத்தம் ஒன்பது இரவுக்கு விடுப்பு வேண்டும். கோர்ஃபுவுக்கும் ஹானியாவுக்கும் லண்டன், பாரிஸ் போன்ற ஐரோப்பிய நகரங்களிலிருந்து கோடையில் நேரடி விமானங்கள் உண்டு. சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ வருகிறவர்கள் ஏதென்ஸில் மாறினாலும் ஒரு மணி நேரத்துக்குள்ளான உள்நாட்டு விமானம்தான்.

சாந்தோரினியைப் பற்றியும் கேட்பார்கள். இயா, இமெரோவிக்லி வில்லாக்கள் எரிமலை வாயின் விளிம்பில், கடலுக்கு 300 மீட்டர் வரை மேலே இருக்கின்றன. கண்ணுக்கு அந்தக் காட்சிக்கு ஈடில்லை. கடலில் இறங்கத் தீவின் மறுபக்கம் கமாரி, பெரிசா போன்ற கருமணல் கரைக்குக் காரில் போக வேண்டும். இரண்டு இரவு தங்கப் பொருத்தம். கடலோரக் குடும்ப விடுமுறைக்கு அது இடமல்ல.

விளம்பரச் சொற்களைப் படிக்கும் முறை

"கடல் பார்க்கும் வீடு", "கடலுக்கு அருகே", "கடல் விளிம்பில்" என்ற மூன்றும் மூன்று வெவ்வேறு விடுமுறைகள். "அருகே" என்பது காகம் பறக்கும் தூரமாக இருக்கலாம். நடைபாதைத் தூரத்தையும் ஏற்ற இறக்கத்தையும் தனித்தனியாகக் கேளுங்கள். "தனிக் கடற்கரை" என்று போட்டிருந்தால், வீட்டிலிருந்து இறங்கும் பாதை தனியார் பாதை என்று மட்டும் பொருள். கிரேக்கச் சட்டப்படி கடற்கரை பொதுச்சொத்து. படகில் வந்து யாரும் பக்கத்தில் துண்டு விரிக்கலாம்.

குளத்தைச் சுற்றி வேலி இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், பெரும்பாலும் இருக்காது. நடக்கத் தொடங்கிய குழந்தை இருந்தால் கழற்றி மாட்டும் வேலி தருவார்களா, படுக்கையறைக் கதவு நேரே குளத்துக்குத் திறக்கிறதா என்ற இரண்டையும் கேட்காமல் முன்பதிவு செய்யக் கூடாது. ஆழமில்லாத முனை எத்தனை சென்டிமீட்டர் என்றும் கேளுங்கள். சில குளங்களில் அதுவே 120, ஏழு வயதுப் பிள்ளைக்குக் கால் எட்டாது. மே, அக்டோபரில் சூடாக்காத குளம் பார்க்க மட்டுமே உதவும். சூடாக்க வாரக் கட்டணம் தனி. மேலும் நீர் சூடேற இரண்டு மூன்று நாள் ஆகும். நீங்கள் வரும் முன்பே எந்திரத்தைப் போடச் சொல்லி எழுதிவிடுங்கள்.

வீட்டுக்குள் அடிக்கடி தகராறு செய்வது மின்சாரம். ஓவன், இரண்டு அடுப்பு, மூன்று ஏசி, வெந்நீர் ஹீட்டர் எல்லாம் ஒன்றாக ஓடினால் மெயின் விழும். கூரையில் சூரிய வெந்நீர்த் தொட்டி இருக்கும். பகலில் அது போதும், எட்டுப் பேர் இரவில் வரிசையாகக் குளித்தால் போதாது. மின்பெட்டியில் ஹீட்டருக்குத் தனி சுவிட்ச் இருக்கும், 30 நிமிடம் போட்டு, அணைத்துவிட்டுக் குளிக்க வேண்டும். வந்தவுடன் மின்பெட்டி எங்கே என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கழிவறைக் காகிதத்தைக் கழிவறைக் கோப்பைக்குள் போடாமல் மூடியுள்ள கூடையில் போட வேண்டும். குழாய்கள் குறுகியவை, பல வில்லாக்கள் செப்டிக் டேங்கை நம்பியிருக்கின்றன. அடைத்துக்கொண்டால் ஞாயிற்றுக்கிழமை ஆள் கிடைக்காது.

பணமும் காகிதமும்

ஜூலை, ஆகஸ்டில் ஏழு இரவுக்குக் குறைந்து கொடுக்க மாட்டார்கள். ஆகஸ்ட் 15 மாதாவின் பெருவிழாவைச் சுற்றிய இரு வாரங்களில் கிரேக்கர்களே தீவுகளுக்குத் திரள்வதால் கப்பல், கார், வீடு மூன்றும் தட்டுப்பாடு. அந்த வாரத்துக்கு முந்தைய குளிர்காலத்திலேயே பதிவு செய்ய வேண்டும்.

வாடகைக்கு மேல் அரசுக் கட்டணம் ஒன்று உண்டு. 2025 ஜனவரி முதல் வில்லாவுக்கும் 80 சதுர மீட்டரை மிஞ்சிய தனி வீட்டுக்கும் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஒரு இரவுக்கு 15 யூரோ, மற்ற மாதங்களில் 4 யூரோ. இது தலைக்கு அல்ல, வீட்டுக்கு. கோடையில் ஏழு இரவுக்கு 105 யூரோ. பெரும்பாலும் வந்தபின் தனியாகக் கேட்பார்கள். இதை ஏமாற்று என்று நினைத்துச் சண்டை போட வேண்டாம், ரசீது கேளுங்கள். குறுகிய கால வாடகை வீடு ஒவ்வொன்றும் ஏஎம்ஏ எனப்படும் பதிவு எண்ணை விளம்பரத்தில் காட்ட வேண்டும். சுற்றுலா வில்லாவாக உரிமம் பெற்றதற்கு எம்எச்டிஇ எண் இருக்கும். இரண்டில் ஒன்றும் இல்லாமல், வங்கிக் கணக்குக்கு முழுத் தொகையை அனுப்பினால் தள்ளுபடி என்கிறவரிடம் அனுப்பாதீர்கள்.

இந்தியக் கடவுச்சீட்டோடு வருகிறவர்களுக்குக் கோர்ஃபுவில் ஒரு கண்ணி உண்டு. அங்கிருந்து, கிரேக்கம் சேர்ந்துள்ள ஷெங்கன் நாடுகளுக்கு வெளியே இருக்கும் அல்பேனியாவின் சரண்டாவுக்கு அரை மணியில் கொண்டுபோகும் விரைவுப் படகு இருக்கிறது, விளம்பரம் எங்கும் தொங்கும். ஒருமுறை நுழைவு மட்டுமுள்ள ஷெங்கன் விசாவில் அதில் ஏறினால் விசா அங்கேயே முடிந்தது, திரும்பி வர முடியாது. பலமுறை நுழைவு விசா இருந்தால் மட்டுமே போங்கள். இந்திய ஓட்டுநர் உரிமத்தோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். இல்லாமல் கார் கொடுக்கும் கடை இருந்தாலும், விபத்தில் காப்பீடு கைவிரிக்கும். முழுக் காப்பீடு என்று சொல்வதிலும் டயர், வண்டியின் அடிப்பாகம் பெரும்பாலும் சேராது. வில்லாப் பாதைகளில் அடிபடுவது அந்த இரண்டும்தான். காரைக் கப்பலில் ஏற்றி வேறு தீவுக்குக் கொண்டுபோக எழுத்தில் அனுமதி தேவை.

மருத்துவத்தைப் பொறுத்தவரை கோர்ஃபுவிலும் ஹானியாவிலும் பெரிய பொது மருத்துவமனை உண்டு. நாக்சோஸில் சிறியதுதான், கடுமையான நோயாளிகளை ஏதென்ஸுக்கு விமானத்தில் அனுப்புவார்கள். இதய நோய் போன்ற கடுமையான நோயுள்ளவர் குழுவில் இருந்தால் இது ஒன்றே நாக்சோஸை நீக்கப் போதும்.

சமையலுக்கு வழி எளிது. கத்தரி, வெண்டை, தக்காளி, கொண்டைக்கடலை, பருப்பு, கெட்டித் தயிர் எல்லாத் தீவிலும் நன்றாகக் கிடைக்கும். கறிவேப்பிலை, புளி, சாம்பார்ப் பொடி, நல்ல அரிசி கிராமக் கடையில் கிடைக்காது, கையோடு கொண்டுபோக வேண்டும். சனிக்கிழமை இறங்குகிறவர்கள் வில்லாவுக்குப் போகும் வழியிலேயே கோர்ஃபு நகரிலோ ஹானியாவிலோ பெரிய கடையில் வாங்கிவிடுங்கள். ஞாயிறு பல மூடியிருக்கும், கிராமத்துச் சிறு கடையில் விலை கூடுதல். கரி அடுப்பில் மீன் சுட நினைத்தால் அன்றைய தீ அபாய அளவை உரிமையாளரிடம் கேளுங்கள், அபாயம் மிகுந்த நாட்களில் வெளியில் நெருப்பு மூட்டத் தடை உண்டு. உணவகத்தில் சைவம் வேண்டுவோர் "நிஸ்திசிமா" என்று கேட்டால் விரத நாள் உணவைக் காட்டுவார்கள். பெரிய மொச்சை, பிரியாம் என்ற காய்கறிக் கலவை, கீரை, மஞ்சள் பருப்பு மசியல் ஆகியவை அதில் அடங்கும். ஆனால் விரத உணவில் கணவாய், இறால் சேர்ப்பார்கள் என்பதால் அதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். மீன் கிலோ கணக்கில் விற்பனை. சமைக்கும் முன் உங்கள் எதிரிலேயே எடை போடச் சொல்லுங்கள். உணவுப் பட்டியலில் மீனின் பெயரருகே நட்சத்திரக் குறி இருந்தால் அது உறைய வைத்த மீன்.